புது ராணியின் வாசனை

மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கனகபாய் நாற்பது பெட்டித் தேனீ வளர்த்தாள். அவளிடம் தொழில் கற்க வந்த தாசையன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். ஓயாமல் கேள்வி கேட்பார். ஒருவர் செய்த குற்றத்தை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கேட்டார்:

“டீச்சர், தாயோட உடம்பே வயித்துப் பிள்ளையைக் கொல்லுமா?”

“யாரு சொன்னா?”

“டாக்டர். எங்க வீட்டுக்காரி லில்லிக்கு மூணாவது கருவும் நிக்கல்ல. நோயை மறிக்கிற எதிர்ப்புச் சக்தி உண்டுல்லா, அது கருவை அந்நியம்னு நெனச்சு அடிக்குதாம். அடுத்த தடவை தொடக்கத்துலயே தினம் ஒரு ஊசி போட்டுப் பாக்கலாமாம். நிக்கும்னு உறுதி சொல்லல்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல்ல. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அவளை அவ அம்மை வீட்டுல கொண்டு விட ஜீப் சொல்லியாச்சு. அங்கயே இருக்கட்டும். மூணு பிள்ளையைத் தின்ன உடம்பு, டீச்சர். எப்படி மறக்க?”

 கனகபாய் ராணித் தேனீ அடைத்து வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஏழாம் பெட்டியில ராணி செத்து ரெண்டு நாள் ஆச்சு. இதை விடுங்க.”

ராணியில்லாத கூடு, வந்தவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் என்று தாசையன் நினைத்தார். தீப்பெட்டியைத் திறந்து நேரே தேனடையின்மேல் விட்டார். கண்மூடித் திறப்பதற்குள் ஈக்கள் அவளைச் சுற்றி ஒரு நெல்லிக்காய் போல உருண்டு திரண்டு இறுக்கின.

கனகபாய் அந்த உருண்டையை அப்படியே அள்ளித் தண்ணீரில் போட்டாள். ஈக்கள் பிரிந்தன. ராணிக்கு உயிர் இருந்தது. ஒரு சிறகின் நுனி மட்டும் கிழிந்திருந்தது.

“குத்தம் செஞ்ச ஈ எதுன்னு காட்டுங்க. நசுக்கிப் போடலாம்.”

தாசையன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாம் காவல் ஈதானே, டீச்சர். குளவி வந்தாலும் இதுங்கதான் மறிக்கும்.”

“அப்போ பெட்டியையே தூக்கி எறிஞ்சிருவோமா?”

“நல்ல கூடு. எதுக்கு எறியணும்?”

கனகபாய் ராணியைச் சுண்டுவிரல் நீளக் கம்பிவலைக் கூண்டில் விட்டாள். தேனும் சர்க்கரைத் தூளும் பிசைந்து கூண்டின் வாயை அடைத்தாள். இரண்டு அடைகளுக்கு நடுவே தொங்கவிட்டாள்.

“ஈயெல்லாம் இதைத் தின்னு தீக்க மூணு நாள் ஆவும். அதுக்குள்ள வாசனை பழகிரும்.”

“தாய்க்குமா பிள்ளை வாசனை பழகணும்?”

“பிள்ளையில பாதி நீங்கல்லா, அண்ணே.”

“ஆறு வருஷமா என்னைத் தெரியுமே அவளுக்கு.”

“அவளுக்குத் தெரியும். காவலுக்குத் தெரிய வேண்டாமா?”

தாசையன் வாய்க்குள்ளேயே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

அன்று மதியம் மறுபடி வந்தார். ஏழாம் பெட்டியின் அருகே முழங்காலிட்டு, பலகையில் காதை வைத்தார். உள்ளே சீறல். வெள்ளிக்கிழமை மூன்று தடவை வந்தார். சனிக்கிழமை சோறுகூட உண்ணாமல் வந்து கேட்டார். சீறல் தணிந்து முனகலாகியிருந்தது.

ஞாயிறு விடிந்ததும் கனகபாய் மூடியைத் திறந்தாள். கூண்டின் வாயில் அடைப்பு இல்லை. சிறகு கிழிந்த ராணி அடைமேல் நடந்துகொண்டிருந்தாள். ஈக்கள் விலகி வழி விட்டன. சில அவளை நக்கிக்கொடுத்தன.

“ஈயை மாத்தினீங்களா, டீச்சர்?”

“ஒண்ணைக்கூட மாத்தல்ல.”

“இப்பவும் கொன்னிருந்தா?”

“கொன்னிருக்கலாம். இன்னொரு ராணி கொண்டு வந்திருப்பேன்.”

தாசையன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஜீப்காரரிடம் வரவேண்டாம் என்றார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, “கூடு நல்ல கூடு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

“நாளைக்கே டாக்டர்ட்டப் போய், ஊசிக்குச் சம்மதம்னு சொல்லிடுதேன், டீச்சர்.”

கனகபாய் மூடியை மெல்ல இறக்கினாள்.

“மூணு நாளா இந்தப் பெட்டியில காதை வெச்சுக் கேட்டீங்க, அண்ணே. லில்லிகிட்ட எப்போ கேட்டீங்க?”