காலிப் படங்கள்

ஒரு காட்டில், யானைத்தடத்தின் ஓரத்து மரமொன்றில், முழங்கால் உயரத்தில் ஒரு கேமரா கட்டப்பட்டிருந்தது. அந்தக் காட்டில் எந்தெந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று ஆராயும் அரசி என்ற பெண் கட்டிவிட்டுப் போனது. எதிரே ஏதாவது அசைந்தால் கண் திறந்து படம் எடுக்கும். இல்லாவிட்டால் தூங்கும். தெரிந்த வேலை அவ்வளவுதான். பேச்சு மட்டும் காட்டையே கட்டி ஆள்வது போல இருக்கும்.

"என் முன்னால் அசைந்தால் உண்டு. அசையாவிட்டால் இல்லை" என்று எதிரே நின்ற வெடிப்பலா மரத்திடம் அது சொல்லும்.

"அப்படின்னா நான் இல்லையா?"

"உங்களை எடுத்து என்ன செய்ய, பெரியவரே? நேத்தும் அங்கேதான் நின்னீங்க, இன்னைக்கும் அங்கேதான் நிக்கிறீங்க."

மரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இலை உதிரும், அதற்கும் இவன் படம் எடுப்பான் என்று அடக்கிக்கொண்டது.

கேமராவுக்கு உள்ளுக்குள் ஒரு குறை. ஓடைப்பக்கத்துக் கேமராவுக்குப் புலியே கிடைத்ததாம். இதற்கோ வெடிப்பலாவின் மேலிருந்து விழும் கொட்டையும் தோலும்தான். ஒவ்வொன்று விழும்போதும் கண் தானாகத் திறந்துகொள்ளும். படத்தில் வெறும் தரை. ஆராய்ச்சிக்காரர்கள் இதற்குக் காலிப் படம் என்று பெயர் வைத்து அழித்துவிடுவார்கள்.

"யாரது மேலேயிருந்து குப்பை போடுறது?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்தியது.

"நான்தான் தம்பி" என்றது மரத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "கோவிச்சுக்காதே. தின்ன பழத்தோட கொட்டையை உள்ளே வச்சுக்க இடமில்லை."

அது ஓர் இருவாச்சிப் பறவை. உயரத்துப் பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் தானே பூசி அடைத்து, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு, முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். இறகெல்லாம் உதிர்ந்திருந்தது. ஆண் பறவை ஆற்றுக்கு அப்பால் போய்ப் பழம் கொண்டுவந்து கீறல் வழியே ஊட்டிவிட்டுப் போகும். எல்லாம் கேமராவின் தலைக்கு மேலே, அதன் கண்ணுக்கு எட்டாத இடத்தில்.

"உள்ளே என்னக்கா செய்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் உக்காந்திருக்கேன்."

"இதை எப்படிக்கா படம் எடுக்கிறது?"

"குஞ்சுக்கு இறகு முளைக்கட்டும். கூட்டிக்கிட்டு உன் முன்னாலேயே பறந்து வர்றேன். அப்ப எடு."

கேமராவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. அதன்பிறகு கொட்டை விழுந்தால் அதற்குக் கோபம் வருவதில்லை. அக்கா சாப்பிட்டாச்சு என்று நினைத்துக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் இரண்டு பேர் பெயிண்ட் வாளியோடு வந்து வெடிப்பலாவைச் சுற்றிச் சிவப்பு வளையம் பூசினார்கள். கேமரா உற்சாகமாகப் படம் எடுத்தது.

"கரண்டு லைன் இப்படித்தாங்க போவுது" என்றார் ஒருவர். "இங்க எதுவும் குடியிருக்கலைன்னு அரசி மேடம் எழுதிக் குடுத்துட்டா, அடுத்த வாரமே வெட்டிப்போடலாம்."

அவர்கள் போனதும் கேமரா மேலே பார்த்துக் கத்தியது.

"அக்கா, பறந்துடுங்க!"

"இறகு இல்லையே தம்பி." குரல் இன்னும் தணிந்தது. "குஞ்சு நேத்துதான் பொரிச்சுது."

கேமரா பதறிப்போயிற்று. அண்ணாந்து பார்க்க முயன்றது. கட்டியிருந்த பெல்ட் விடவில்லை. அசையாவிட்டால் இல்லை என்று தான் அளந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தபோது வெட்கமாக இருந்தது.

"உங்களைப் பத்தி என்கிட்ட ஒரு படம்கூட இல்லையேக்கா" என்று அழாத குறையாகச் சொன்னது.

சில நாளில் அரசியும் வனத்துறை வாட்சர் தம்புசாமியும் வந்தார்கள். அரசி கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் செருகி, ஒரு வேர்மேல் உட்கார்ந்தாள்.

"ஒரு மிளா மான், பெயிண்ட் அடிச்ச ரெண்டு ஆளு. மத்ததெல்லாம் காலிங்க" என்றார் தம்புசாமி. "அழிச்சுட்டு, ஒண்ணுமில்லைன்னு எழுதிப்போடுங்க மேடம். மழை வேற வர்ற மாதிரி இருக்குதுங்க."

அரசிக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. அழிக்கப் போனவள், கடைசியாக ஒருதரம் படங்களை வரிசையாக ஓட்டினாள்.

வெறும் தரை. வெறும் தரை. பிறகு ஒரு பச்சைப் புள்ளி. பிறகு இரண்டு இலை. கடைசிப் படத்தில் மரத்தடி முழுக்க நாற்று.

அரசி லேப்டாப்பை வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய்க் குனிந்து ஒரு நாற்றைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா, இது காட்டு ஜாதிக்காய்தானே? இங்க பக்கத்துல மரம் இருக்கா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கந்தானுங்க இருக்குது."

"அப்புறம் இந்த ஒரே மரத்தடியில மட்டும் எப்படி இவ்வளவு முளைச்சுது? யாரோ மேல உக்காந்து தின்னு தின்னு துப்பியிருக்காங்க."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பட்டையில் ஒரு கீறல். அதில் மஞ்சளாக ஓர் அலகின் நுனி.

"தாயி உள்ளே இருக்குதுங்க" என்று தம்புசாமி கிசுகிசுத்தார். சொல்லிக்கொண்டே செருப்புச் சத்தம் கேட்காமல் பின்வாங்கினார். அரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூடு இருப்பதாக எழுதிக் கொடுத்தாள். கரண்டு லைன் வேறு பக்கம் திரும்பியது. ஆனால் கேமராவைப் பார்க்க ஆட்கள் வந்துபோனால் கூட்டுக்குத் தொந்தரவென்று, கூட்டைக் கண்ட அன்றைக்கே அதை அவிழ்த்துவிட்டார்கள்.

"அக்கா, என்னை ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோறாங்க! எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஒரு கொட்டை மட்டும் விழுந்தது.

ஆற்றங்கரையில் கேமராவுக்குப் புலியும் கிடைத்தது. முன்போல அது பெருமை அடித்துக்கொள்ளவில்லை. எந்த இலை அசைந்தாலும் அக்காவோ என்று பார்த்தது. மழைக்காலம் நெருங்கிய ஒரு மதியம், தலைக்கு மேலே பெரிய சிறகடிப்பு கேட்டது. திடுக்கென்று கண் திறந்தது. எதிரே வெறும் மணல்.

அடுத்த முறை வந்தபோது தம்புசாமி அந்தப் படத்தைக் காட்டினார்.

"காலிங்க. நிழல் மட்டுந்தான் விழுந்திருக்குது. அழிச்சரலாங்களா?"

அரசி திரையைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

"வேண்டாங்கண்ணா. எண்ணிப் பாருங்க. மூணு நிழல்."