ஜாங்கிரிக்கு என்ன கோடு?

திருச்சியில், ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ‘கோடு’, அதாவது குறியீட்டு எண், போட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில் தயாரிக்கும் ஆபீஸ் அது. டாக்டரிடம் கருத்தடை மாத்திரை எழுதி வாங்கப் போன ஒரு பெண்ணின் பில்லுக்கு, புதிதாய்ச் சேர்ந்த செண்பகவல்லி ‘நோயில்லை, கருத்தடை ஆலோசனை’ என்கிற கோடு போட்டிருந்தாள். மேனேஜர் தணிகாசலம் குதித்தார்.

“நோயில்லாம எவளாவது டாக்டர்கிட்ட போவாளா? நோய்க் கோடு போடும்மா!”

“எந்த நோய் சார்?”

“எது வரக்கூடாதுன்னு மாத்திரை கேட்டாளோ, அதான் நோய்!”

“கர்ப்பமா சார்?”

“ஆமா! அதுல என்ன சந்தேகம்?”

காலையில் அவர் எல்லோருக்கும் கொடுத்த ஜாங்கிரியில் பாதி அவள் கையில் இருந்தது. அதை மேசையில் வைத்து, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டாள்.

“வீட்டுல மேடம் மாசமா இருக்காங்கன்னு ஸ்வீட் கொடுத்தீங்க. நோய்னு தெரியாமத் தின்னுட்டேன் சார். மேடத்துக்குச் சீக்கிரம் குணமாகட்டும்.”

ஆபீஸே சிரித்தது. தணிகாசலமும் அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

“உன் கோடே இருக்கட்டும் தாயே. மீதியைத் தின்னு!”