இடது பக்கத்துக் கால்மிதி

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. எண்ணிக்கொண்டே ஏறுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் பாதி வழியில் தூங்கிவிடுவார்கள்.

மலை தொடங்குகிற காரவள்ளியில் மகுடேஸ்வரியின் பட்டறை இருந்தது. பிரேக் வேலை தவிர வேறெதையும் தொடமாட்டார். ஹாரன் அடிக்கவில்லை என்று யாராவது வந்தால், "வாய் இருக்குதில்லீங்க, கத்திக்கிட்டே போங்க" என்று அனுப்பிவிடுவார். வயது முப்பத்தைந்துதான். ஆனாலும் அறுபதைத் தாண்டிய வையாபுரி அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டுவிட்டதால், 'அவள்' என்று சொல்ல நமக்கும் வாய் வரவில்லை.

வையாபுரி பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். உராய்வு விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். எந்த வளைவுக்கு எத்தனை அடி முன்னால் பிரேக்கை மிதித்தால் போதும் என்று எழுபதுக்கும் கணக்கு வைத்திருந்தார். அதற்கு ஓர் அடி முன்னால் மிதிப்பதுகூட அவருக்குத் தோல்வி. ஏட்டுச் சுரைக்காய் மலை ஏறினால் மட்டும் கறிக்கு உதவுமா? போன ஆடியில், மழையில், இறங்கும்போது பன்னிரண்டாம் வளைவில் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டன. கார் தன் பாட்டுக்கு வழுக்கிப் போய், ஓரத்துச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. இடது முன்சக்கரத்துக்குக் கீழே தரை இல்லை.

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் மனைவி பத்மாவதி. அவர் சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தார். அதற்கப்புறம் அந்தக் காரில் ஏறவில்லை.

மகள் இருப்பது மலைமேல் செம்மேட்டில். மாதம் இரண்டு முறை பத்மாவதி பஸ்ஸில் போவார். வையாபுரி அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போவார். முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம் செய்தவர்கள் இப்படி முன்னும் பின்னுமாக மலை ஏறுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பஸ்ஸின் பின்கண்ணாடியில் தெரிகிற நரைத்த கொண்டையைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய வையாபுரிக்கு அழுகைதான் வந்தது.

கார் சரியாகி மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். கேள்வி கேட்பார், தன் வளைவுக் கணக்கை ஒப்பிப்பார்.

அன்று மூடுபனி இறங்கியிருந்தது. மலையையே காணவில்லை. யாரோ இரவோடு இரவாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது போல இருந்தது.

"பிரேக்குல டிஸ்க் உசத்தியா, டிரம் உசத்தியா?" என்று ஆரம்பித்தார் வையாபுரி.

"டிஸ்க் திறந்து கெடக்குது, காத்துப் பட்டு ஆறிடும். டிரம் மூடிக் கெடக்குது. சூட்டை உள்ளயே வெச்சுக்கும்."

"வெச்சுக்கிட்டா?"

"வெளிய ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் மிதிச்சா பிடிக்காதுங்க."

"என் வண்டியில முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். பின்னாடியும் டிஸ்க் போட்டு, சக்கரம் பூட்டிக்காம இருக்க ஏபிஎஸ்ஸும் வெச்சுடலாமா?"

"பத்தொம்பது வருஷத்து வண்டிங்க சார் இது. ஏபிஎஸ் வண்டியோடவே பொறந்து வரணும். இதுல ஒட்ட வெக்க முடியாது."

"அது என்னதான் பண்ணுது? புத்தகத்துல இருக்கறது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

"சக்கரம் முறைச்சுக்கிட்டா விட்டுப் பிடிக்குது. அவ்வளவுதாங்க."

வையாபுரி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இத்தனை நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"இதை வித்துட்டு ஏபிஎஸ் வெச்ச வண்டி வாங்கிடறேன். பத்மா ஏறுவாளா? அதை மட்டும் சொல்லுங்க."

மகுடேஸ்வரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"சாவியைக் குடுங்க. நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க."

சொந்தக் காரின் இடது இருக்கையில் உட்காருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஏறும்போதுதான் அது அவருக்கே உறைத்தது.

கார் பனிக்குள் நுழைந்தது. ஒரு பலாமரம் வந்தது, போயிற்று. மிளகுக் கொடி சுற்றிய இன்னொரு மரம் வந்தது. வளைவின் எண் எழுதிய கற்கள் மட்டும் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. நாம் ஏறுகிறோமா, மலை இறங்குகிறதா என்று வையாபுரிக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த மயக்கம் அவருக்குப் பிடித்திருந்தது.

மேலே வெயில் அடித்தது. வண்டியைத் திருப்பிச் சற்று நேரம் காத்திருந்தார்கள். பனி கலைந்து சாலை தெளிந்ததும் மகுடேஸ்வரி இறங்க ஆரம்பித்தார்.

எழுபதாம் வளைவு நெருங்கியது. வையாபுரியின் வலது கால் தரையை அழுத்தியது. மகுடேஸ்வரி மிதிக்கவில்லை. அப்புறம் மிதித்தார். கார் ஒழுங்காகத் திரும்பியது.

அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நாற்பதாம் வளைவுக்குள் வையாபுரிக்கு ஆடுசதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் வளைவின் புதுச் சுவர் கண்ணில் பட்டது.

"மிதிங்க, மகுடேஸ்வரி."

"உங்க கணக்குப்படி இன்னும் இருபது அடி இருக்குதுங்க சார்."

இருபது அடி கழித்து மிதித்தார். கார் அலுங்காமல் ஓரமாக நின்றது.

"கால் எங்க இருக்குதுன்னு பாருங்க."

வையாபுரி குனிந்து பார்த்தார். ரப்பர் கால்மிதியில், அவர் கால் அழுத்தியிருந்த இடத்தில் ஒரு குழி. ரப்பர் தேய்ந்து அடியில் இருக்கும் தகரம் தெரிந்தது. இன்று காலையில் தேய்ந்தது அல்ல, வருஷக்கணக்கில் தேய்ந்தது. குழி சின்னது. அவருடைய கால் அதற்குள் அடங்கவில்லை.

"உங்க வண்டியில பிரேக் மூணுங்க சார். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், இது மூணாவது. மத்த ரெண்டுக்கும் முன்னாடியே இது பிடிச்சிருக்குது. ஒயர் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல. நீங்கதான் பௌதிகம் படிச்சவங்க."

வையாபுரி காலை மெதுவாக அந்தக் குழியை விட்டு எடுத்தார். கீழேயிருந்து மறுபடியும் பனி ஏறி வந்து கண்ணாடியை மூடியது.

"பத்மா ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

பனி விலகியதும் மகுடேஸ்வரி வண்டியை எடுத்தார். மீதி வளைவுகளை எங்கே எப்படித் திரும்பினார் என்றே தெரியவில்லை. வையாபுரியின் கால் சும்மா கிடந்தது.

பட்டறை வாசலில் இறங்கியதும் வையாபுரி அந்தக் கால்மிதியைக் கையில் எடுத்தார். தூசியைத் தட்டினார். குழியை விரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றார். கண் கலங்கியிருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"இதுக்குப் பதிலா புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுடட்டுமா?"

"போடுங்க. அம்மா ஏறி உட்கார்ந்தாங்கன்னா, அடுத்த ஆடிக்கு வண்டியை இங்க கொண்டாங்க. தேஞ்சிருக்குதான்னு பாத்துச் சொல்றேன்."

"பிரேக்கையா?"

"கால்மிதியைங்க."