வேட்டுக்காரர் மடியில் நாரைக்குஞ்சு

சங்கிலிப் பூட்டனை நான் கடைசியா உயிரோட பாத்தது குளத்துக்கரைல, ஒரு வைகாசி மாசக் காலைல. உங்க ஆச்சியோட அப்பா அவரு. மருத மரத்தடில துண்ட விரிச்சு ஒக்காந்து, கண்ணுல பைனாகுலர வச்சுக்கிட்டு, தண்ணிக்கு நடுவுல நிக்கிற நாரைங்களப் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் பின்னால போய் நின்னு லேசாத் தும்முனேன். அவரு திரும்பக்கூட இல்ல. "மாப்ள, கொஞ்சம் மெதுவாத் தும்மக்கூடாதா?"ன்னாரு. என்கிட்ட அவரு பேசுன கடைசிப் பேச்சு அதுதான்.

அவரு என்ன தொழில் பாத்தவரு தெரியுமா? வேட்டு வெடிக்கிற தொழில். சிரிக்காத பூரணி, படு. ம் சொல்லிக்கிட்டே வரணும், அப்பத்தான் நீ முழிச்சிருக்கன்னு எனக்குத் தெரியும்.

ஒரு ஊர்ல ஒரு வேட்டுக்காரர் இருந்தாரு. கோயில் கொடைன்னாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்க, கல்யாணம்னாலும் அவரைத்தான். திரியில நெருப்ப வச்சாருன்னா டமார், டுமீர், பட பட படன்னு, அந்தத் தெரு நாயெல்லாம் அடுத்த ஊருக்கு ஓடிப்போயி ரெண்டு நாள் கழிச்சுத்தான் வரும். அப்படியே சத்தத்துலயே கெடந்து கெடந்து, அவருக்கு மெதுவாப் பேசவே வராமப் போச்சு. வீட்டுக்குள்ள "தண்ணி குடு"ம்பாரு, பக்கத்து வீட்டுல செம்பத் தூக்கிட்டு வருவாங்க.

"ம்."

அவருக்கு ஒரே மக. பேரு தங்கமாரி.

"ஆச்சி."

ஆச்சிதான். அப்போ ஆச்சி இல்ல, பாவாட தாவணி. "ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வெடிச்சாச்சு, என் மக கல்யாணத்துக்கு வானம் கிழியணும்"னு அவ பொறந்ததுல இருந்தே சொல்லிக்கிட்டிருந்தாரு.

அப்புறம் இன்னொரு ஊரு. அந்த ஊர்ல பெரிய குளம். தை பொறந்தா எங்கெங்க இருந்தோ பறவைங்க வந்து எறங்கும். கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன். குளத்து மரம் பத்தாதுன்னு வீட்டு வாசல் வேம்புலயும் கூடு கட்டும். நாரை மூக்கோட மூக்கத் தட்டும், டக் டக் டக்குனு. குஞ்சுங்க கர்ர் கர்ர்னு எந்நேரமும் எரை கேக்கும். வைகாசில குஞ்சுங்க வளந்து கூட்டு ஓரத்துல நின்னு ரெக்கைய அடிச்சுப் பாக்கும். ஆனா பறக்க வராது. அந்த நேரத்துல ஒரு வெடிச் சத்தம் கேட்டாப் போதும், பயத்துல குதிச்சிரும். பெரிய பறவைங்க இந்த ஊரே வேண்டாம்னு கெளம்பிரும். அதனால அந்த ஊர்ல தீபாவளிக்குக் கூட வெடி கெடையாது.

"மத்தாப்பு?"

மத்தாப்பு உண்டு. அது பாட்டுக்கு எரியும், யாரையும் ஒண்ணும் பண்ணாது.

அந்த ஊரு மாப்ளைக்குத்தான் தங்கமாரியப் பேசி முடிச்சாங்க.

"நீ."

நான்தான். பொண்ணு பாத்தோம், பூ வச்சோம், பந்தக்கால் நட்டோம். யாரும் வெடியப் பத்தி வாயத் தெறக்கல. எங்களுக்குச் சொல்லணும்னே தோணல. பொறந்ததுல இருந்து அப்படி, உலகத்துக்கே தெரியும்னு நெனச்சோம். அவருக்குக் கேக்கணும்னே தோணல. வெடி இல்லாத ஊருன்னு ஒண்ணு இருக்கும்னு அவரு எங்க கண்டாரு?

வைகாசில கல்யாணம். மொத நாள் சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து எறங்குனாங்க. பொண்ணு வண்டி முன்னால, வேட்டு வண்டி பின்னால. எங்கம்மா செல்லக்கிளி ஆரத்தித் தட்டோட வெளிய வந்தாங்க. இவரு எறங்குனதும் எறங்காததுமா, "தங்கச்சி, சரம் எங்க கட்டலாம்?"ன்னு ஒரு கத்து. மரத்துல இருந்த நாரையெல்லாம் கழுத்த நீட்டிப் பாத்துச்சு.

"அண்ணே, மெதுவா"ன்னாங்க அம்மா. அப்புறம் வெவரத்தச் சொன்னாங்க.

"மேளத்த ஊருக்கு வெளியவே நிறுத்திக்கலாம்ணே."

"சரி."

"ரேடியோ கொழாய் கட்ட வேண்டாம்."

மொகம் சுருங்கிருச்சு. ஆனாலும், "சரி."

"வேட்டும் வேண்டாம்ணே."

அவரு வண்டிக்காரர் பக்கம் திரும்பி, "வண்டியத் திருப்பு"ன்னாரு.

"ரெண்டு மைல் தள்ளிப் பொட்டல்ல வெடிச்சுக்கோங்கண்ணே."

"யாருக்கும் கேக்காத வேட்டு எதுக்கு? மக கல்யாணத்துக்கு வெடி போட வக்கில்லாம சங்கிலி நொடிச்சுட்டான்னு என் ஊர்ல சொல்லுவான். வெடிச்சா கல்யாணம். இல்லேன்னா வண்டிய எடு."

என் நெலமையப் பாரு. வெடிச்சா பறவை போயிரும். வெடிக்கலேன்னா பொண்ணு போயிரும். மாப்ளைக்கு அந்த நேரத்துல வாயும் கெடையாது. பந்தக்காலோட இன்னொரு கால் மாதிரி நின்னேன்.

உங்க ஆச்சி வண்டிக்குள்ள இருந்து எட்டிப் பாத்தா. "எதையாச்சும் ஒண்ண முடிவு பண்ணுங்கப்பா, பசிக்குது"ன்னா. அதுக்கப்புறம்தான் எல்லாரும் எறங்கிச் சாப்புட்டாங்க. முடிவு மட்டும் ஆகல. காலைல பேசிக்கலாம்னு படுத்தாச்சு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் விடிஞ்சுது. நான் குளிச்சு, பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு, ஜன்னல் வழியாப் பாக்கேன். வாசல் வேம்புக்கு அடில இவரு குத்தவச்சிருக்காரு. முன்னால வேட்டுச் சரம். கையில தீப்பெட்டி. யாரும் வர்றதுக்குள்ள வெடிச்சிட்டா அப்புறம் யாரு தடுக்கன்னு கணக்கு. கத்தித் தடுக்கலாம்னா, நான் கத்துற சத்தத்துக்கே குஞ்சு குதிச்சிரும்.

சர்ருன்னு ஒரு குச்சியக் கிழிச்சாரு. அப்போ பாத்து எரையோட தாய் நாரை வந்து கூட்டுல எறங்குச்சு. புஸ்ஸுனு ரெக்கைக் காத்து. குச்சி அணஞ்சு போச்சு.

சர்ருன்னு இன்னொரு குச்சி. மேல இருந்து சொத்துன்னு எச்சம். குச்சி மேல, கை மேல, புது வேட்டி மேல. அண்ணாந்து பாத்து, "யார்ல அவன்?"ன்னாரு.

"ஹிஹி."

சிரிச்சது போதும், கண்ண மூடிக்கிட்டுக் கேளு. சர்ருன்னு மூணாவது குச்சி. கெட்டிக்காரர், கைய வச்சு மறைச்சுக்கிட்டாரு. காத்தும் வரல, எச்சமும் வரல. நெருப்பு திரிகிட்டப் போகுது, போகுது. எனக்கு மூச்சு நின்னு போச்சு. அப்போ, தொப்.

ரெக்கை அடிச்சுப் பழகுன குஞ்சு ஒண்ணு கால் தவறி நேரா அவரு மடில விழுந்துச்சு. குச்சி மண்ணுல விழுந்து அணஞ்சுது. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒடம்பு, நீட்டு மூக்கு. அவரப் பாத்து வாயப் பொளந்து கர்ர்ருன்னுச்சு. அப்புறம் அவரு துண்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு வெட வெடன்னு நடுங்குச்சு.

எங்கம்மா ஓடி வந்தாங்க. "அண்ணே, அசையாதீங்க."

"இதக் கொண்டு போயி மரத்துல வைங்க."

"ஏறுனா மத்ததும் குதிச்சிரும். எங்க ஊர் வழக்கம்ணே, யாரு கிட்ட விழுதோ அவங்கதான் வளக்கணும். பறக்குற வரைக்கும்."

"நான் சம்பந்தி."

"சம்பந்தின்னா ரெட்டப் பொறுப்பு"ன்னுட்டு அம்மா ஒரு சட்டியில அயிர மீன் கொண்டாந்தாங்க.

"கல்யாண வீட்டுல மீனா?"

"உங்களுக்கு இல்லண்ணே."

ஒரு மீனப் போட்டாரு. கபக். இன்னொண்ணு. கபக். சட்டி காலியாச்சு. குஞ்சு அவரு மடிலயே கழுத்த மடக்கித் தூங்கிருச்சு.

அப்போ முகூர்த்த நேரம் வந்துருச்சு. "வாங்க அத்தான்"னு ஆச்சியோட தாய்மாமா கூப்பிடப் போனாரு. இவரு வாய் மேல வெரல வச்சாரு. அவரு அத்தனை மெதுவாப் பேசி அதுக்கு முன்னால யாரும் கேட்டதில்ல. "நான் எந்திரிச்சா இது முழிச்சுக்கும். நீயே நின்னு நடத்திரு"ன்னாரு.

நான் தாலி கட்டுனேன். பொம்பளைங்க குலவையக் கூட வாய்க்குள்ளயே போட்டாங்க. அப்புறம் நானும் ஆச்சியும் மரத்தடிக்குப் போயி அவரு கால்ல விழுந்தோம்.

"கட்டியாச்சா?"

"ஆச்சு மாமா."

"வெடி?"

"வெடிக்கல மாமா."

"நல்லதாப் போச்சு. இது இப்பத்தான் தூங்குது."

எனக்கு அப்பத்தான் மூச்சே திரும்பி வந்துச்சு. பறவையும் போகல, பொண்ணும் போகல. எங்கம்மா அங்கேயே மண்ணுல ஒக்காந்து சிரிச்சாங்க. வேட்டுச் சரத்தப் பூட்டனே ஆள் வச்சுத் தூக்கித் தண்ணித் தொட்டியில ஊறப் போட்டாரு.

ஆடி பொறந்தா பொண்ணோட அப்பா வந்து மகள அழைச்சுக்கிட்டுப் போவாரு, அது வழக்கம். இவரு வர வேண்டிய வேலையே இல்ல, ஏன்னா ஊருக்கே போகல. மக வீட்டுல இத்தனை நாளு ஒக்காந்து சாப்புடுறீங்களேன்னு கேலி பண்ணுனா, "நான் எங்க சாப்புடுறேன், இதுதான் சாப்புடுது"ம்பாரு. தெனமும் குஞ்சுக்கு மீனு. அது அவரு பின்னாலயே தத்தித் தத்தி நடக்கும். அப்புறம் ஒரு நாள் தொழுவத்துக் கூரையில ஏறுச்சு. படக் படக்குனு ரெக்கைய அடிச்சுது. அப்படியே எழும்பி, புளியமரத்தத் தாண்டி, குளத்துக்குள்ள போயி மத்த நாரைங்களோட நின்னுக்கிச்சு.

"அழுதாரா?"

இல்ல. ஆனா எது தன் குஞ்சுன்னு அவருக்குத் தெரியல, எல்லாம் ஒண்ணு போலவே நிக்குது. பறவை பாக்க மதுரைல இருந்து வந்த ஒரு வாத்தியார்கிட்ட பைனாகுலர் வாங்கிப் பாத்தாரு. "அந்தா, அதுதான்"னாரு. மறுநாள் வேற ஒண்ணக் காட்டி அதுதான்னாரு. அப்புறம் சொந்தமாவே ஒரு பைனாகுலர் வாங்கிட்டாரு. வருஷா வருஷம் வைகாசிக்கு வந்துருவாரு. ஊருக்குப் போனாலும் வேட்டுத் தொழில் பக்கம் போகல, தம்பி மகன் கிட்ட விட்டுட்டாரு.

அவ்வளவுதான். கதை பறந்து போயி கெளையில ஒக்காந்துருச்சு, நீயும் ரெக்கைய மடக்கிக்கிட்டுத் தூங்கு.

"தாத்தா... பூட்டன் போட்டோ இருக்கா?"

எங்க கல்யாணப் போட்டோ ஒண்ணு இருக்கு. அவரு வருவாருன்னு போட்டோக்காரர் எடம் விட்டு நிக்கச் சொன்னாரு. நான் இருக்கேன், ஆச்சி இருக்கா, எங்கம்மா இருக்காங்க. ஆச்சிக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு எடம் காலியா இருக்கு.