ஒரே காற்றுக்கு இரண்டு முள்

பைக் பட்டறை முதலாளி ஞானவடிவேலுவுக்கு வெளிநாட்டு டயல் என்றால் வேதவாக்கு. இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் காற்றை இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ஜோடி டயல் வாங்கினார். அதை நம்பி டியூன் செய்த வண்டியெல்லாம் உதறியது. பழி மெக்கானிக் இருதயத்தின் மேல் விழுந்தது, வேலையும் போனது.

சில மாதம் கழித்து ஆரோக்கியமேரி என்றொரு பெண், பலகையில் வளைத்துக் கட்டி எண்ணெய் ஊற்றிய ட்யூப் ஒன்றை விற்க வந்தாள்.

"ரெண்டு நுனியையும் ரெண்டு சிலிண்டர்ல மாட்டினா, இழுப்பு சமமா இருந்தா எண்ணெய் மட்டமா நிக்கும்யா."

"இந்த ட்யூப்பை வச்சுக்கிட்டு என் டயலோட மோத வந்தியா? டயல் தப்புன்னு காட்டு, வாங்கிக்கிறேன்."

"ரெண்டு டயலையும் ஒரே சிலிண்டர்ல மாட்டச் சொல்லுங்கய்யா."

மாட்டினார்கள். ஒரு முள் மேலே நின்றது, மற்றது கீழே நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் தொங்கிப்போனது.

"இந்த ரோசனை யாரோடது?"

"என் வீட்டுக்காரர் இருதயத்தோடது. உங்ககிட்ட சொல்லத்தான் வந்தாரு. வாட்ச்மேன் உள்ள விடலை."

"அடப்பாவமே! நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லும்மா."

"நீங்களே போய்ச் சொல்லுங்கய்யா. கல்லறைத் தோட்டத்துல கடைசி வரிசை. இன்னும் மண்ணு காயலை."