லாக்குக்குள் ஏழு முடிச்சு

ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் திருமேனிநாதன் முடிச்சுப் போட்டால் போட்டதுதான். அவர் கட்டிவைத்த விடைத்தாள் கட்டுகளை அவிழ்க்க முடியாமல் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் மொத்தத்தையும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்களாம். நம்பாதவர்கள் அந்த வருஷம் பாஸானவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

அவருடைய குரு பவளக்கொடி அம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். குடியிருப்பே சொந்தப் படகில்தான். அன்று காலை இருவரும் அந்தப் படகில், பழைய கால்வாய் வழியாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே மகள் கோமளவல்லியின் பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும். அவளுக்குக் கப்பலில் இன்ஜினியர் வேலை. சாயங்காலத்துக்குள் பை போய்ச் சேராவிட்டால் கப்பல் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று பையை மூன்று மாதமாகப் பூட்டி வைத்திருந்தவர் வாத்தியார்தான்.

பையைக் கொடுப்பதா, பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருவதா என்று புறப்பட்டதிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார். நாலு தடவையும் குரு வேர்க்கடலை உரித்துக் கொடுத்தார்.

"எனக்கு அவள் ஒருத்திதான் அம்மா. விட்டால் போய்விடுவாளே" என்றார் ஐந்தாம் தடவை.

அதற்குள் லாக்கு வந்துவிட்டது. மேல்மட்டத் தண்ணீரிலிருந்து கீழ்மட்டத்துக்குப் படகை இறக்க, முன்னும் பின்னும் கதவு வைத்துக் கட்டிய கருங்கல் தொட்டி அது. படகு நுழைந்ததும் பின்கதவு மூடியது.

"படகு அலையாம பார்த்துக்கோங்க, வாத்தியாரே" என்று கயிற்றை நீட்டினார் குரு.

வாத்தியார் கரையிலிருந்த கல்தூணில் சுற்றி ஏழு முடிச்சுப் போட்டுவிட்டு நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். லாக்குக்காரர் முடிச்சைப் பார்த்தார், குருவைப் பார்த்தார், சிரிப்பை வெற்றிலையோடு சேர்த்து மென்றபடி தண்ணீரைத் திறந்துவிட்டார்.

தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பல்லி மாதிரிச் சுவரில் தொங்கியது. வேர்க்கடலை உருண்டது, அடுப்பு உருண்டது, வாத்தியாரும் உருண்டார். மேலே போன கொக்கு ஒன்று இதைப் பார்த்துச் சிறகடிக்க மறந்து படகுக்குள்ளேயே விழுந்தது.

அவர் முடிச்சு அவருக்கே அவிழவில்லை. குரு அரிவாளை எடுத்து ஒரே வெட்டு. படகு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. பாதிக் கயிறு தூணோடு நின்றுவிட்டது.

அடுத்த லாக்கில் வாத்தியார் மீதிக் கயிற்றைத் தூணில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கையில் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இறங்க இறங்க, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். படகு, மாடிப்படி இறங்கும் சம்பந்தியம்மாள் மாதிரி நிதானமாக இறங்கியது. கையில் ஒரு சாண் கயிறுதான் மிச்சம்.

முன்கதவு திறந்தது. தூரத்தில் கப்பலின் புகைபோக்கி தெரிந்தது.

வாத்தியார் பிடியை விடவில்லை. "கதவு திறந்தாச்சு. இனி இந்தக் கயிற்றை என்ன செய்யட்டும், அம்மா?"

"சுருட்டிப் படகிலேயே போட்டுடுங்க, வாத்தியாரே. போற ஊரிலே கட்டிக்கப் படகுக்குத்தானே வேணும்."

வாத்தியார் கயிற்றைச் சுருட்டிப் படகில் போட்டார். பிறகு மஞ்சள் பையின் வாயில் தானே போட்டிருந்த ஏழு முடிச்சில் முதலாவதைப் பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தார்.