நாரைக்கு முழங்கால் வைத்தியம்

குளக்கரைக் காட்டில் ஒரு கிழட்டு நரி இருந்தது. நான்கு காலிலும் மூட்டுத் தேய்மானம். எழுந்தால் 'கடக்' என்று ஒரு சத்தம், உட்கார்ந்தால் 'கடக்' என்று இன்னொரு சத்தம். அதைக் கேட்டே முயல்கள் ஓடிவிடும். வேட்டை போயிற்று, பசி மட்டும் போகவில்லை. ஓட முடியாத நரி வேறென்ன செய்யும்? டாக்டர் ஆகிவிட்டது!

ஊர் ஆஸ்பத்திரிக் குப்பையில் ஒரு பெரிய படம் கிடைத்தது. மனிதனின் காலைத் தோல் உரித்துக் காட்டும் படம். மேலே தொடை எலும்பு, கீழே கால் எலும்பு, இரண்டும் சேரும் இடத்தில் முட்டிச் சில்லு. எலும்புகள் கழன்று போகாமல் பக்கத்துக்கு ஒன்றாய்ப் பிடித்திருக்கும் ஜவ்வு. காலை நீட்டவும் மடக்கவும் கொழுத்த சதை. சதையைப் பார்த்ததும் நரிக்கு எச்சில் ஊறியது. படத்தைக் கவ்விவந்து நாவல் மரத்தில் மாட்டியது. கட்டுப்போட ஒரு குரங்கைக் கம்பவுண்டராகச் சேர்த்துக்கொண்டது.

குரங்கு படத்தைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

"அடடே, என் காலையில்ல வரைஞ்சு வச்சிருக்காங்க!" என்று பூரித்துப்போனது. அன்று முதல் அந்தப் படம் சொல்வதுதான் அதற்குச் சட்டம். நரியின் திட்டம் அந்த அப்பாவிக்குத் தெரியாது.

முதல் ஆளாக மாட்டியது நாரை. மரத்தின் மேல் கூட்டில் இரண்டு குஞ்சுகள் பசியில் கத்த, அது கீழே குளத்தில் மீன் தேடிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ! உன் முழங்கால் பின்பக்கமா திரும்பியிருக்கே!" என்று நரி கூவியது. "படத்தைப் பாரு. முட்டி முன்னாடி பார்த்து நிக்குது. உனக்கு?"

நாரை குனிந்து பார்த்தது. நிஜம்தான்! தவளைகள் வேறு சிரித்துத் தொலைத்தன.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தானே டாக்டர் இருக்கு?"

"பிறவிக் கோளாறா! அப்ப ரெட்டைக் கட்டுதான்! கம்பவுண்டர், கேட்டுக்க. பிறவிக் கோளாறுன்னா, வேண்டாம்னு கத்தினாலும் விடக் கூடாது!"

குரங்கு மூங்கில் பத்தைகளை வைத்து, கொடியால் இரண்டு காலையும் இறுக்கிக் கட்டியது. நாரை நட்டுவைத்த கழி மாதிரி நின்றது. மீனுக்குக் குனிய முடியவில்லை. எம்பிப் பறக்கவும் முடியவில்லை. மேலே குஞ்சுகளின் கத்தல் மெலிந்துகொண்டே வந்தது.

"கம்பவுண்டர், நீ போய்ச் சாப்பிடு. மிச்ச வைத்தியத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று நரி நாக்கால் வாயைத் துடைத்துக்கொண்டது. அது என்ன வைத்தியம் என்று அப்போதுதான் நாரைக்குப் புரிந்தது.

பயத்தில் காலை உதறியது. கட்டிய இடம் அசையவில்லை. ஆனால் மேலே, வயிற்று இறகுக்குள், இன்னொரு மூட்டு மடங்கியது. முன்பக்கம் பார்த்து, படத்தில் இருப்பது போலவே மடங்கியது! அடப்பாவிகளா, அதுவல்லவா முழங்கால்! இவர்கள் கட்டிவைத்தது கணுக்காலை! நாரை விரலை மட்டும் ஊன்றி நிற்கிற ரகம். அதன் குதிகால் எப்போதும் தூக்கியே இருக்கும்.

நாரை நரியின் பின்னங்காலைப் பார்த்தது. அதுவும் விரலை ஊன்றி, குதிகாலைத் தூக்கி நடக்கிற ரகம்தான்!

உண்மையைச் சொன்னால் குரங்கு நம்பாது. அதனால் நாரை படத்தின் கட்சியிலேயே சேர்ந்துகொண்டது.

"கம்பவுண்டர் அண்ணே, போகாதீங்க! டாக்டரோட பின்னங்காலைப் பாருங்க! அவருக்கும் முழங்கால் பின்னாடி இருக்கு!"

குரங்கு படத்தைப் பார்த்தது. நரியைப் பார்த்தது. அதன் கண் கலங்கிவிட்டது.

"ஐயா! இவ்வளவு பெரிய சீக்கை வச்சுக்கிட்டா ஊருக்கு வைத்தியம் பார்த்தீங்க? அதான் எழுந்தா கடக், உட்கார்ந்தா கடக்!"

"டேய், எனக்குப் பொறந்ததுல இருந்தே இப்படித்தான்டா!"

"பிறவிக் கோளாறா! அப்ப ரெட்டைக் கட்டு!"

படம் நமக்கானது இல்லை என்று சொல்ல நரி வாயைத் திறந்தது. சொன்னால் டாக்டர் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டது. அதற்குள் குரங்கு அதன் வாலைப் பிடித்துவிட்டது.

"விடுடா! வேண்டாம்டா!"

"கத்தினாலும் விடக் கூடாதுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க! ஆனா, வேற மூங்கில் இல்லையே?"

"என்னோடதை அவிழ்த்துக்குங்க அண்ணே!" என்றது நாரை. "டாக்டர் உசுருதான் முக்கியம்!"

குரங்கு உருகிப்போய் நாரையின் கட்டை அவிழ்த்தது. அதே மூங்கில், அதே கொடி, நரியின் பின்னங்கால்களில் ஏறியது. நாரை இரண்டு மீனைக் கொத்திக்கொண்டு ஒரே பறப்பாய்க் கூட்டுக்குப் போனது. குஞ்சுகள் விழுங்கிய வேகத்தைப் பார்த்த பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது.

கீழே நரி, பின்னங்கால்கள் மடங்காமல் விறைத்து, பின்புறம் வானத்தைப் பார்க்க, தண்ணீர் ஓரமாய் நின்றது. குளத்திலிருந்து ஒரு முதலை மெல்லத் தலையைத் தூக்கியது.

"டாக்டர் இருக்காரா?"

"இருக்காரு, இருக்காரு!" என்றது குரங்கு பெருமையாக. "இனிமே எங்கேயும் போக மாட்டாரு!"

ஆஸ்பத்திரி அன்றோடு மூடப்பட்டது.

ஊரார் காலையெல்லாம் ஒரே படத்தை வைத்துத் திருத்தப் புறப்படுகிறவன், முதலில் அந்தப் படத்தைத் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.